பனி பார்க்காத முதல் குடியேறி

போன புதன்கிழமை இங்கே சுவிஸில், ஓல்டன் ஸ்டேஷனில் ட்ரெயினுக்கு நின்றபோது போன். கியூபெக்கிலிருந்து அண்ணை.

"தம்பி, ஐயாவின்ர படம் ஒண்டு உடன வேணும். ஊர்ப் புத்தகத்துக்கு."

அண்ணை இருப்பது ஆற்றங்கரையில் ஒரு சின்னப் பிரெஞ்சுக் கிராமம். பிரான்சிலிருந்து கப்பலில் வந்தவர்கள் காட்டை வெட்டி உண்டாக்கிய ஊர். ஆளுக்கு ஒரு கீலம் காணி, ஒடுக்கமாக, நீளமாக. ஏன்? எல்லாருக்கும் ஆற்றங்கரையில் ஒரு துண்டு வேண்டுமாம்! (அவர்களுக்கு முன்பே அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளுக்குப் புத்தகத்தில் அரைப் பக்கம்தான். ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் எங்கும் ஒரே மாதிரித்தான்...)

அந்தப் புத்தகத்தில் குடும்பத்துக்கு ஒரு பக்கம். உச்சியில், அந்தக் குடும்பப் பெயரோடு வந்து இறங்கிய முதல் ஆளின் படம். அங்கே நீண்டகாலமாகப் பேக்கரி நடத்தும் அண்ணைக்கும் ஒரு பக்கம் கொடுத்திருக்கிறார்கள். குடும்பப் பெயர் — வல்லிபுரம்.

அங்கேதான் சிக்கல். வல்லிபுரம் எங்கள் ஐயா!

நமக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயரை முன்னால் போட்டுக்கொண்டு வந்தோம். அங்கே அண்ணைக்கும் இங்கே எனக்கும் அதையே குடும்பப் பெயராகப் பதிந்துவிட்டார்கள். என் தபால்பெட்டியிலும் 'ஹெர் வல்லிபுரம்', அதாவது திரு வல்லிபுரம்தான்.

"அண்ணை, ஐயா கனடாப் பக்கமே போகேல்லையே. பிழை எண்டு சொல்லுங்கோவன்."

"சொல்லத்தான் போனனான். புத்தகம் செய்யிற மனுசி 'அவர் எப்ப வந்தவர்?' எண்டு கேட்டா. வரவேயில்லை எண்டு சொல்ல மனம் கேக்கேல்லையடா." அண்ணை தொடர்ந்தார். "செத்தவீட்டுக்கும் நாங்கள் ரெண்டு பேரும் போகேல்லை. இதிலயாவது மனுசன் முன்னுக்கு இருக்கட்டுமே."

ஊரில் ஐயா இறந்தபோது இரண்டு பேருக்கும் அகதி வழக்கு முடியவில்லை. நாட்டைவிட்டு அசைய முடியாது. இங்கே ஒரு ஹோட்டல் குசினியில் சட்டி கழுவியபடி அழுதேன். இன்னும் ஆறவில்லை.

வீட்டில் தேடினேன். இருந்தது ஒரே படம், அடையாள அட்டைக்கு எடுத்தது. கழுத்துவரை பொத்தான் பூட்டி, படம் பிடிப்பவனை முறைக்கிறார் ஐயா. அனுப்பினேன். கீழே ஒரு வரி மட்டும் போடச் சொன்னேன்: 'இவர் வரவில்லை. மகனை அனுப்பினார்.'

நேற்று அண்ணை திரும்பப் போன் எடுத்தார்.

"மனுசி வாசிச்சுப்போட்டுச் சொன்னா, 'எங்கட முதல் ஆக்களும் தகப்பன்மாரைப் பிரான்சில விட்டிட்டுத்தான் வந்தவை. அந்தத் தகப்பன்மாரின்ர முகம் ஒருத்தருக்கும் தெரியாது' எண்டு."

ஐயாவின் படம் அச்சுக்குப் போய்விட்டது. மனுசனுக்குக் குளிர் ஆகவே ஆகாது... பரவாயில்லை, புத்தகத்துக்குள் பனி கொட்டாது!