பூஜைக்கு நிரப்பிய பெட்ரோல்

மாலை நான்கு இருபத்தைந்து. அன்று அலுவலக வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்ததால் கம்ப்யூட்டர் திரையின் மூலையில் அந்த நேரம் தெரிந்தது. கீழே கேட் பக்கம் நீளமாக ஏதோ முறிகிற சத்தம், தொடர்ந்து தகரம் நசுங்குகிற சத்தம். பிறகு மழை மட்டும் கேட்டது. ஜூலை மாதத்து மும்பையில், எங்கள் செம்பூரில், மரம் விழுவது புதிதல்ல. ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். எங்கள் ஹவுசிங் சொசைட்டி வாசலில் நின்ற குல்மொஹர் மரம் ஒரு ஆட்டோவின் மேல் கிடந்தது. அந்த நேரத்துக்கு டியூஷன் முடிந்து மகள் ஆட்டோவில்தான் வருவாள்.

மூன்று மாடி இறங்கியது எனக்கு நினைவில் இல்லை.

ஆட்டோக்காரர் வெளியே குதித்துத் தப்பியிருந்தார். பின்சீட்டின் மேல் பெரிய கிளை ஒன்று உட்கார்ந்திருந்தது. கூரைக்கம்பி வளைந்து அவளுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே அழுத்திப் பிடித்திருந்தது. இலைகளுக்கு நடுவே முகம் தெரிந்தது. புத்தகப் பையை மார்போடு அணைத்திருந்தாள். பத்தாம் வகுப்பு படிக்கிற பெண்.

"அப்பா, கால் ஃபஸ் ஆயிடுத்து, மாட்டிண்டுடுத்து. எடுக்கவே முடியலை."

ஏழெட்டுப் பேர் சேர்ந்து தள்ளினோம். கிளை அசைந்ததும் அவள் அலறினாள், விட்டுவிட்டோம். தீயணைப்புக்குப் போன் போட்டோம். வண்டி கிளம்பிவிட்டது, வழியெல்லாம் தண்ணீர் என்றார்கள். கிளையை அறுத்துத்தான் அவளை எடுக்க வேண்டும். அறுப்பதற்கு எங்களிடமே ஒரு மிஷின் இருந்தது.

சொசைட்டி செகரெட்டரி என்ற முறையில் மரம் அறுக்கும் அந்த மிஷினை வாங்கியவன் நான்தான். மழைக்காலத்தில் ஒடிந்து விழுகிற கிளைகளை அப்புறப்படுத்த ஒவ்வொரு முறையும் ஆள் தேடிக் கட்டுப்படியாகவில்லை. செகண்ட் ஹேண்டில் ஒன்றை வாங்கி பம்ப் ரூமில் வைத்தோம். போன ஆயுத பூஜைக்கு வாட்ச்மேன் அதைத் துடைத்துத் தண்ணீர் மோட்டார் பக்கத்தில் வைத்திருந்தார். சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்த தரைத்தள மாமி மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள்.

"காலியா இருக்கறதை சுவாமி முன்னாடி வெக்கப்படாது. ரொப்பிட்டு வையுங்கோ."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. வீட்டில் அரிசிப் பானையைக்கூட அன்றைக்கு நிரப்பித்தானே வைக்கிறோம்? கேனில் பெட்ரோல் வாங்கிவந்து, ஆயில் கலந்து, டேங்க்கைக் கழுத்துவரை நிரப்பினேன். கேனில் மூன்று லிட்டர் மிஞ்சியது. கற்பூரம் காட்டினோம். அதன் பிறகு மே மாதம்வரை அதை யாரும் தொடவில்லை.

மே மாதம் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்துப் பார்த்தபோது கிளம்பவில்லை. தாராவியில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். குங்குமத்தைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

"பூஜைக்கு ரொப்புனதா சார்? சாமிக்கு ஒத்துக்கிடும். கார்புரேட்டருக்கு ஒத்துக்கிடாது."

"பெட்ரோல் என்ன பாலா, கெட்டுப்போக?"

"பால் திரிஞ்சா கண்ணுக்காவது தெரியும் சார். இத மோந்து பாத்தாத்தான் தெரியும். ஆயில் கலந்துட்டா ரெண்டு மாசம். அதுக்கு மேல வச்சா பிசினாப் போயி அடைச்சிக்கிடும்."

கழற்றிக் காட்டினார். உள்ளே வெல்லப்பாகு காய்ந்ததுபோல் பழுப்பாக ஒட்டியிருந்தது. கார்புரேட்டர், டியூப், ஃபில்டர் மூன்றையும் மாற்ற இரண்டாயிரத்து எண்ணூறு என்றார். ஆயிரத்துக்கு மேல் என்றால் கமிட்டி கூடி முடிவெடுக்க வேண்டும். கமிட்டி கூடினால் மிஷின் வாங்கியதே தப்பு என்று இரண்டு பேர் ஆரம்பிப்பார்கள். "ஆயிரத்துக்குள்ள ஏதாவது பண்ணிக்குடுங்கோ" என்றேன். கழுவிச் சுத்தம் செய்து தொள்ளாயிரம் வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது சொன்னார்: "கேன்ல மிச்சம் கெடந்தா கீழ ஊத்திருங்க சார். மறுபடி அத விட்டியன்னா இந்தக் காசும் போச்சு."

சரி என்றுதான் சொன்னேன். வீட்டுக்கு வந்து கேனைத் தூக்கிப் பார்த்தேன். மூன்று லிட்டர். இன்றைய விலையில் அதைச் சாக்கடையில் ஊற்ற மனம் வரவில்லை. அதையே டேங்க்கில் விட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். புகை கக்கிக்கொண்டு ஓடியது. இந்த மெக்கானிக்குகளே இப்படித்தான், பயமுறுத்துவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மழையில் வாட்ச்மேன் மிஷினைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். கயிற்றை இழுத்தேன். ஒருமுறை இருமி நின்றது. மறுபடி இழுத்தேன். "இன்னும் ஒரு தடவை இழுப்பா" என்று உள்ளிருந்து அவள் குரல். முப்பது தடவைக்கு மேல் எண்ணவில்லை. உள்ளங்கை உரிந்தது. மூடியைத் திறந்தபோது பழைய பெயிண்ட் டப்பாவின் நாற்றம் வந்தது.

மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "உள்ள இருக்கது பழைய பெட்ரோலா சார்?"

சுற்றிலும் கட்டடத்து ஆட்கள் நின்றார்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"இல்லை. புதுசு" என்றேன்.

"அப்ப பெட்ரோல்ல கை வைக்காதீங்க. பிளக்கக் கழட்டித் துடைச்சு மாட்டிப் பாருங்க. நான் கெளம்பிட்டேன்."

பிளக்கைக் கழற்றினேன், துடைத்தேன், மாட்டினேன், இழுத்தேன். திரும்பவும் கழற்றினேன். என் முதுகுக்குப் பின்னால் காம்பவுண்டில் பத்துப் பதினைந்து ஸ்கூட்டர்கள் நின்றன. எல்லாவற்றிலும் நல்ல பெட்ரோல். பழையதைக் கொட்டிவிட்டு ஒன்றிலிருந்து உறிஞ்சி ஊற்றியிருக்கலாம். ஆயில் டப்பா பம்ப் ரூமிலேயே இருந்தது. அப்படிச் செய்திருந்தால் கிளம்பியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரியாததுதான் இன்னும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அவர் சொன்னதை மட்டும் செய்தால் நான் சொன்ன பொய் உண்மையாகிவிடும் என்பதுபோல அந்தப் பிளக்கையே துடைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. அது கூடிவிட்டது. நரம்பு நெடுநேரம் அழுந்திக் கிடந்திருக்கிறது, இன்னும் முன்னால் எடுத்திருந்தால் நல்லது என்று டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார். இப்போது நடக்கிறாள், தனியாக ரயிலில்கூடப் போகிறாள். இடது பாதத்தில் உணர்ச்சி சரியாக இல்லை. நடந்துகொண்டே இருக்கும்போது செருப்பு கழன்று விழுந்துவிடும், அவளுக்குத் தெரியாது. பின்னால் வருகிற நான் குனிந்து எடுத்துக்கொடுப்பேன். "தேங்க்ஸ்பா" என்பாள்.

இதைத் தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அவளுக்குத் தமிழ் பேச வரும். வாசிக்க எழுத்துக்கூட்ட வேண்டும். இரண்டு வரிக்கு மேல் பொறுமை இருக்காது. அவள் அம்மா அன்று ரயில் நின்றுபோய் இரவுதான் வந்து சேர்ந்தாள். அவளிடமும் நான் முழுதாகச் சொன்னதில்லை.

அன்று ஐந்து முப்பத்தைந்துக்கு மெக்கானிக் வந்தார். தீயணைப்பு வண்டிக்கு முன்னால் அவர்தான் வந்தார். ஸ்கூட்டரை மெயின் ரோட்டில் விட்டுவிட்டு, தன் மிஷினைக் கோணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார். நேராக ஆட்டோவிடம் போனார். இலைகளை விலக்கி உள்ளே தலையை நீட்டினார்.

"பொஸ்தகப் பைய மொகத்துக்கு நேரா வச்சுக்க தாயி. சத்தம் பெருசா இருக்கும். பயப்படாத."

இரண்டாவது இழுப்பில் கிளம்பியது. மூன்று இடத்தில் அறுத்தார். நாங்கள் கிளையைத் தூக்கினோம், கம்பியை வளைத்தோம், அவளை வெளியே எடுத்து எதிர்வீட்டுக்காரர் காரின் பின்சீட்டில் படுக்கவைத்தோம். கார்க் கதவு திறந்தே இருந்தது. மெக்கானிக் எங்கள் மிஷினுக்கு அருகில் குந்தி மூடியைத் திறந்தார். மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அங்கிள்" என்றாள் மகள் காருக்குள்ளிருந்து. உதடு வெளுத்திருந்தது. "அப்பா அவ்ளோ இழுத்தாரே, அது ஏன் ஸ்டார்ட்டே ஆகலை?"

அவர் மூடியை அழுத்தித் திருகினார்.

"அது பழைய மிஷின் தாயி. யாரு இழுத்தாலும் கெளம்பியிருக்காது. ஒங்கப்பா என்ன செய்வாரு, பாவம்."