முதல் வார விற்பனை

மண்ணூரில் கம்பெனி பஸ் ஏறினால் ஒரகடம் போய்ச் சேருவதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போடுவது எங்கள் எல்லோருக்கும் வழக்கம். அந்த வாரம் யாரும் தூங்கவில்லை. எல்லோர் கையிலும் போன், எல்லோர் காதிலும் ஒரே பாட்டு. கடல் தாண்டி எங்கோ இருக்கிற ஒரு பாடகனின் புது ஆல்பம் வெளிவந்திருந்தது. முதல் வாரத்தில் எவ்வளவு விற்கிறது என்பதை வைத்துத்தான் அவன் பெரியவனா, அவனுடைய போட்டிக்காரன் பெரியவனா என்று முடிவாகுமாம். போனில் பாட்டை ஓடவிடுவதும் விற்பனைக் கணக்கில் சேரும், ஆனால் சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு ஓடவிட்டால் சேராது என்று எனக்குப் பாடம் நடத்தினார்கள். அவன் பாடும் மொழியில் எனக்கு ஓர் எழுத்து தெரியாது. ஆனாலும் நானும் ஓடவிட்டேன். ஓடவிடாவிட்டால் பக்கத்து சீட்டுக்காரி என்னைச் சும்மா விடமாட்டாள்.

அவள் தென்காசிப் பக்கத்துப் பெண். எங்கள் வீட்டு மாடி ரூமில் வாடகைக்கு இருந்தாள். நான் லைன் லீடர், அவள் என் லைனில் கான்ட்ராக்ட். அந்த மாதக் கடைசியில் கான்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டியிருந்தது. "இந்த வேல போச்சுன்னா அம்மா மாப்பிள்ளையோட ரெடியா நிக்கா. ஊருக்குப் போயி கழுத்த நீட்ட வேண்டியதுதான்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள், ஆனால் அந்தப் பயம் அவளை விட்டுப் போனதே இல்லை.

நாங்கள் செய்வது காதில் மாட்டுகிற இயர்பட்ஸ். எங்களிடம் சரக்கு வாங்கும் பெரிய பிராண்ட் அந்தப் பாடகனையே விளம்பரத்துக்குப் பிடித்துப் போட்டது. அவன் படம் போட்ட பெட்டிக்குள் இயர்பட்ஸும் ஆல்பமும் சேர்ந்தே வரும். பெட்டி ஒன்று விற்றால் ஆல்பமும் ஒன்று விற்றதாகக் கணக்கு. தன் கையால் செய்த சாமான் தன் ஆளின் காதில் இருக்கிறது என்று முதல் நாள் அவள் தலைகால் புரியாமல் திரிந்தாள்.

சண்டை அந்தப் பாடகனின் ரசிகைகள் குரூப்பில் ஆரம்பித்தது. தமிழ்நாடு முழுக்க இருந்து பெண்கள் பேசும் குரூப் அது, அவள் என்னையும் அதில் சேர்த்துவிட்டிருந்தாள். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, பூ, நிலா என்று ஏதாவது ஒன்று. அந்த பிராண்டுக்கு வேலை செய்யும் பெண்களைச் சரியாக நடத்துவதில்லை, பெட்டியை வாங்காதீர்கள் என்று ஒருத்தி எழுதினாள். உடனே பத்துப் பேர் பாய்ந்தார்கள். விற்பனையைக் கெடுக்கப் போட்டிக்காரனின் ரசிகைகள் கட்டிவிட்ட கதை என்றார்கள். முதல் வாரம் முடியட்டும், நியாயத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று இன்னொருத்தி எழுதினாள். படித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நியாயத்துக்கு வாரக் கணக்கு வேறா?

"நீ இதுல தலைய குடுக்காத" என்று நான் சொன்னேன். "உனுக்கு இன்னா வந்துச்சு? பாட்ட கேட்டுகினு போ."

அவள் கேட்கவில்லை. அந்தப் பேச்சு உண்மைதான் என்று குரூப்பில் எழுதினாள், உடனே அவளையே போட்டிக்காரனின் ஆள் என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். அது தாங்காமல் குரலைப் பதிந்து போட்டாள். "எங்க லைன்ல ஆரஞ்சு கார்டு ஒண்ணுதான் உண்டு. பாத்ரூம் போணும்னா அதக் கழுத்துல போட்டுக்கிட்டுதான் போணும். ஒருத்தி திரும்பி வந்தாத்தான் அடுத்தவ போவ முடியும். நான் அடக்கிக்கிட்டு உக்காந்து செஞ்சதத்தான் அவரு காதுல மாட்டிருக்காரு. அவரு பாட்ட வாங்குங்க. அந்தப் பெட்டிய வாங்காதீய."

ஊரையோ கம்பெனியையோ சொல்லவில்லை என்று நிம்மதியாக இருந்தாள். ஆனால் எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு லைனுக்கும் கார்டு ஒவ்வொரு நிறம். ஆரஞ்சு எங்களுடையது மட்டும்தான். தினமும் கழுத்தில் மாட்டுகிறவளுக்கு அது உறைக்கவே இல்லை.

போட்டிக்காரனின் ரசிகைகள் அந்தக் குரலை எடுத்து ஊரெல்லாம் பரப்பினார்கள். அந்த முதல் வாரத்தின் கடைசி நாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே போனால், லைன் ஓடுவதற்கு முன்னால் நிற்கவைத்துப் பேசும் இடத்தில் எச்.ஆர். ஆபீஸர் காத்திருந்தார். ஸ்பீக்கரில் அந்தக் குரலைப் போட்டுக் காட்டினார். "யாருடையது?" என்றார். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பேச்சு தெற்கத்திப் பேச்சு என்பதால் அந்தப் பக்கத்துப் பெண்களை ஒவ்வொருத்தியாக ரூமுக்குக் கூப்பிட்டார். அவர் கோயம்புத்தூர்க்காரர். பக்கத்தில் எங்கள் சூப்பர்வைசர், பிள்ளைப்பாக்கத்துக்காரர். குரலை அடையாளம் சொல்ல என்னையும் நிற்கவைத்தார்கள்.

என் சிநேகிதி உள்ளே வந்தாள். "எங்கேம்மா தங்கியிருக்கே?" என்று ஆபீஸர் கேட்டார்.

"மண்ணூர்ல சார். இவங்க வூட்டு மாடிலதான் கீறேன்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் வாயிலிருந்து ஒருநாளும் வராத பேச்சு. "இன்னா சார் நீங்க? ஓவர்டைம் பாக்கறதுக்கே நேரம் கெடைக்கல. நான் எங்க போயி இத்தெல்லாம் பேசிகினு இருக்கப் போறேன்?"

என்னிடமிருந்தும் என் வீட்டாரிடமிருந்தும் பொறுக்கி வைத்திருந்த பேச்சு அது. ஒரு சொல் தவறவில்லை. ஆபீஸர் சூப்பர்வைசரைப் பார்த்தார்.

"இது எப்பவுமே இப்படித்தான் சார் பேசும்" என்றார் சூப்பர்வைசர். அவள்மேல் பாசம் என்றெல்லாம் இல்லை. கை வேகமான ஆள் போய்விட்டால் டார்கெட் அடிபடும் என்ற கவலை.

ஆபீஸர் என் பக்கம் திரும்பினார். "இவ கொரலு இல்ல சார்" என்றேன்.

அடுத்து வந்தவள் புதிதாகச் சேர்ந்த சின்னப் பெண். சங்கரன்கோவில் பக்கம். பாட்டு, பாடகன் எதுவுமே தெரியாது, பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வருவாள். பயத்தில் அவளுக்கு வார்த்தைகள் மடமடவென்று வந்தன. "நான் ஒண்ணும் பேசலியே சார். யாரு என்ன சொன்னாவன்னே எனக்குத் தெரியாது சார்."

"கேட்டீங்களா? அதே பேச்சுதான்" என்றார் ஆபீஸர். இல்லை சார், இவளும் இல்லை என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. "எல்லாரையும் இல்லைன்னா அப்புறம் யாரு, நீயா?" என்று என்மேல் எரிந்து விழுந்தார். அந்தப் பெண்ணின் அடையாள அட்டையைக் கழற்றச் சொன்னார்.

நான் லைனில் இருந்த என் சிநேகிதியிடம் ஓடினேன். "உனுக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். "ஆனா அந்தப் புதுப் பொண்ண அனுப்புறாங்கோ."

அவள் கையிலிருந்த இயர்பட்ஸை முடித்து டிரேயில் வைத்தாள். எழுந்தாள். கார்டு மாட்டாமல் லைனை விட்டுப் போனால் அதுவே குற்றம். "உக்காரு. உன் கால்ல விழறேன், உக்காரு" என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டு நடந்தாள்.

நான் பின்னாலேயே போய்ச் சேருவதற்குள் அவள் ஆபீஸர் முன்னால் நின்றிருந்தாள்.

"அந்தப் பிள்ளைய விடுங்க சார். அது நான் பேசினது. வேணும்னா மறுக்கா ஒருதடவ சொல்லுதேன், சேத்துவச்சுப் பாருங்க." சொன்னாள். ஆரஞ்சு கார்டிலிருந்து பெட்டியை வாங்காதீய என்பது வரைக்கும், தன் சொந்தப் பேச்சில், முதலில் பதிந்ததைவிட நிதானமாக. ஆபீஸர் கையை நீட்டினார். அவள் அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள்மேல் வந்த கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அவள்மேல் வந்ததைவிட அந்த குரூப்பின் மேல் வந்தது இன்னும் பெரிது.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அந்த குரூப்பைத் திறந்து பார்த்தேன். விற்பனையில் ஜெயித்துவிட்டார்களாம். ஒரே இதயமும் பட்டாசுமாகப் போட்டிருந்தார்கள். பொய்க் குரலைக் கிளப்பிவிட்டும் நம்மை அசைக்க முடியவில்லை என்று ஒருத்தி எழுதியிருந்தாள். நான் வெளியேறிவிட்டேன். வீடு போய்ச் சேர்ந்தபோது மாடி ரூம் காலியாகியிருந்தது.

மறுநாள் அவள் நாற்காலியில் அந்தச் சின்னப் பெண்ணை உட்காரவைத்தார்கள். வெகுநேரம் தலையைத் தூக்காமல் வேலை செய்தாள். அப்புறம் மெல்ல என் பக்கம் சாய்ந்தாள்.

"அக்கா, அந்தப் பாட்டு பாடுதவருக்கு இதெல்லாம் தெரியுமாக்கா?"

"தெரியாது" என்றேன்.

"அப்ப யாராச்சும் சொல்லணும்லா?" என்றாள். மிஷின் இரைச்சலை மீறிக் கேட்கிற மாதிரி, அந்தத் தெற்கத்திப் பேச்சிலேயே, சத்தமாகச் சொன்னாள். சூப்பர்வைசர் திரும்பி எங்களைப் பார்த்தார்.