சூசையின் கிட்டாரில் அடைத்த நான்கு துளைகள்

சூசை செத்துப்போன செய்தி சிராங்கூன் சாலைத் தேநீர்க்கடையில் என் காதில் விழுந்தது. "மாரடைப்பாம் லா. எப்பேர்ப்பட்ட கலைஞன், போயிட்டானே!" என்று எங்கள் பட்டறைக் கோவிந்தசாமி உச்சுக்கொட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருடமாக அதே சூசையை 'அபசுரம்' என்று கூப்பிட்ட வாய் அது. செம்பவாங் பட்டறை நண்பர்களே, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆள் போனதும் ஆளாளுக்குக் கலைஞன் என்கிறீர்களே, வெட்கமாக இல்லையா?

நான் பொய் சொல்லப்போவதில்லை. எனக்கும் அவனைக் கண்டால் இளக்காரம்தான். அவன் கடைசல் பிடிக்கிறவன். நான் உலோகம் வார்க்கிற அச்சுக்கு மரத்தில் மாதிரி செய்கிறவன். கடைசல்காரர்களை நாங்கள் ஓர் ஆளாகவே மதிப்பதில்லை. அதிலும் இவனுக்கு ஒரு பாட்டைக்கூட முழுதாக வாசிக்கத் தெரியாது. ஊரில் இளவட்டங்களெல்லாம் மின்கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்த நேரத்தில், மூன்று பிள்ளை பெற்ற இவனுக்கும் அந்தப் பைத்தியம் பிடித்தது. கடையில் வாங்கித் தொலையேன் என்றால், "கடையில இருக்கிறது வெள்ளைக்காரன் விரலுக்கு அளவெடுத்தது. என் விரலைப் பாரு, வாழைக்கா" என்பான்.

ஃபேரர் பார்க் பக்கம் மாடியில் அவன் வீடு. அடுப்படி மேசையில் வைத்து மெராந்தி மரப் பலகையை அறுத்தான். சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் உடைந்த ரேடியோ ஒன்றை வாங்கி, ஒலிபெருக்கியிலிருந்த காந்தத்தைப் பிடுங்கி, மனைவி பிலோமினாவின் தையல் மிஷினில் பூட்டி, தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் சுருளுக்காக மயிரிழைச் செம்புக் கம்பியைச் சுற்றினான். அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. "கம்பி அறுந்தா திட்டக்கூடாது மாணிக்கம். திட்டினா கை நடுங்கும்" என்று எனக்கே உபதேசம் வேறு! தந்திகளைத் தாங்கும் பித்தளைக் கட்டையை அரத்தால் ராவியே செய்து முடித்தான். நான் அவன் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டு அவனையே நக்கலடித்துக்கொண்டிருந்தேன்.

"கழுத்துல கோடு மட்டும் நீ போட்டுக் குடுப்பா. உன் கைதான் நேரா நிக்கும்" என்றான். விரல் வைக்கும் இடங்களைக் குறிக்கிற கோடுகள் அவை. அவன் காகிதத்தில் எழுதியிருந்த அளவுப்படி, என் பையிலிருந்த அடிக்கோலை எடுத்துப் போட்டுக் கொடுத்தேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

மாதா கோவில் திருவிழாவில் மேடை ஏறினான். எனக்கோ அடுத்த வாரம் மேஸ்திரி வேலைக்கு நேர்காணல். தலைகால் புரியாமல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கழுத்தின் நுனியில் விரல் இருந்தவரை சத்தம் சரியாகத்தான் வந்தது. வீட்டில் அவன் பழகியதும் அவ்வளவுதான். விரல் உடல்பக்கம் இறங்க இறங்கச் சுருதி விலகியது. ஆர்மோனியக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். "டேய் சூசை, அதை உலையில போடு!" என்று முதலில் கத்தியது நான்தான். மண்டபமே சிரித்தது. அவன் கிட்டாரின் கழுத்தை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனான். அபசுரம் என்ற பெயர் அன்றைக்கு வந்தது.

துக்கத்துக்கு அவன் வீட்டுக்குப் போனேன். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அந்தக் கிட்டாரைச் சாத்தி வைத்திருந்தார்கள். அலட்சியமாகத்தான் பார்த்தேன். பித்தளைக் கட்டைக்கு முன்னால் மரத்துண்டு வைத்து அடைத்த நான்கு பழைய துளைகள் தெரிந்தன. கட்டையைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டியிருக்கிறான். எவ்வளவு தள்ளியிருக்கிறான் என்று கண்ணாலேயே அளந்தேன். அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டு அடிப் பித்தளை வார்ப்பு ஆறும்போது எவ்வளவு சுருங்குமோ, ஏறக்குறைய அவ்வளவு.

என் பையிலிருந்த அடிக்கோல் ஞாபகம் வந்தது. உலோகம் ஆறினால் சுருங்கும் என்பதால், எங்கள் அடிக்கோலில் ஒவ்வோர் அங்குலமும் ஒரு பொட்டு நீளமாகவே இருக்கும். அதைச் சாதாரண அடிக்கோலோடு கலக்காதே என்பது எங்கள் தொழிலில் முதல்நாள் பாடம். நான் கோடுகளை என் அடிக்கோலால் போட்டிருக்கிறேன். அவன் கட்டையைத் தன் சாதாரண அடிக்கோலால் அளந்து வைத்திருக்கிறான்.

"அவருக்கு மறுநாளே தெரியும்ணே" என்றாள் பிலோமினா. "கட்டையைத் தள்ளி வச்சதும் சரியாயிடுச்சு. நீங்க ஸ்கேலை மாத்தி எடுத்தது வெளிய தெரிஞ்சா மேஸ்திரி வேலை கெட்டுப்போகும், வாயைத் தொறக்காதேன்னாரு. நீங்க மேஸ்திரி ஆன பிறகாச்சும் உண்மையைச் சொல்லுங்கன்னு அவர்கிட்ட கேட்டேன். அவரு பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டே இருந்தாரு."

மேஸ்திரி ஆனேன். பட்டறையில் எல்லார் முன்னாலும் அவனை அபசுரம் என்று கூப்பிட்டேன். "வரேன்" என்று சொல்லிக்கொண்டு வருவான். சீ, நானும் ஒரு மனுஷன்!

கிட்டாரை எடுத்துப் போகச் சொன்னாள். அதைத் தொடுகிற யோக்கியதை எனக்கு இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். சூசையின் நினைவாக என்னிடம் இருப்பது அந்த அடிக்கோல் ஒன்றுதான். அதுவும் என்னுடையது. நாளைக் காலை பட்டறைக்கு வருவேன். அபசுரம் என்று யாரையாவது கூப்பிட்டே ஆகவேண்டும் என்றால், என்னைக் கூப்பிடுங்கள். வரேன் என்று சொல்லிக்கொண்டு வருகிறேன்.