இரவு வேலையை விட்ட தம்பையா

இலங்கை மலையகத்தில், ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தோட்டத்தில் தம்பையா ஸ்டோர் ஆள். தேயிலைத் தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். மேல்மாடியில் சாக்குத் தட்டுகளில் கொழுந்தைப் பரப்பி வாட்டும் வேலை அவருக்கு. இரவு முழுக்கக் கொழுந்தோடு நின்றுவிட்டு, காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்கள் போகும் நேரத்தில் லயத்து வரிசை வீட்டுக்கு வருவார்.

1957 மழைக்காலத்தில் அவர் பேச்சு குறைந்தது. காம்பரா என்கிற அந்த ஒற்றை அறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார், ஆனால் தூங்குவதில்லை. மனைவி நல்லம்மா மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்து பார்த்தால், வைத்துவிட்டுப் போன ரொட்டி அப்படியே இருக்கும். கோயில் திருநீறு பூசினாள், கயிறு கட்டினாள். எதுவும் மாறவில்லை.

ஒரு நாள் அவர் கூரையைப் பார்த்தபடி, "நான் இல்லாட்டி ஒனக்குக் கரச்சல் இல்ல, நல்லம்மா" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் திட்டியிருப்பாள். சாதாரணமாகச் சொன்னதுதான் அவளைப் பயமுறுத்தியது. மறுநாள் வேலைக்குப் போகாமல் அவரைத் தோட்டத்து மருந்துக் காம்பராவுக்குக் கூட்டிப் போனாள்.

அங்கே மருந்து கொடுப்பவர் சிதம்பரநாதன், யாழ்ப்பாணத்துக்காரர். நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார்.

"பகலில நித்திரை கொள்ளுறியோ?"

"கண்ண மூடிக்கிட்டுக் கெடப்பேங்க. தூக்கம் வராது."

"சாராயம்?"

"தெனமுங்க" என்றாள் நல்லம்மா.

"இது சோம்பலும் இல்லை, பேயும் இல்லை. வருத்தம்தான், காய்ச்சல் மாதிரி ஒரு நோய். ஆனா இதுக்கு என்னட்டைப் போத்தல் மருந்து இல்லை. இரவு வேலையை விடு, சாராயத்தை விடு. வெயில் படுற வேலை செய். ஒருமிக்கச் சுகம் வராது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும்."

திரும்பி வரும் வழியில் தம்பையா, "ஸ்டோரு ஆளு மலைக்குப் போனா சிரிப்பானுக" என்றார்.

"சிரிக்கட்டும். நானுந்தான் மலையில நிக்கிறேன்."

அவளே ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயாவிடம் போய்க் கேட்டாள். அவர் முணுமுணுத்தாலும் கடைசியில் விட்டுவிட்டார். தம்பையா கவ்வாத்துக் கத்தியோடு செடி வெட்டும் ஆட்களுடன் போனார்.

முதல் வாரங்கள் மோசமாக இருந்தன. கை கொப்பளித்தது. சாராயம் இல்லாமல் உடம்பு நடுங்கியது, வியர்த்தது. சட்டியைத் தூக்கி எறிந்தார். நல்லம்மா சட்டியை எடுத்து வைத்துவிட்டு, "கஞ்சி இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். வேலை முடிந்ததும் அவரைப் பீலிக்கு அனுப்புவாள். மலையிலிருந்து விழும் அந்தத் தண்ணீர் குளிரும். வெயில் இருக்கும்போதே குளித்துவிட்டு, லயத்துக்குப் பின்னாலிருந்த துண்டு நிலத்தில் இருட்டும்வரை போஞ்சிக் கொடிக்குக் கம்பு நட வேண்டும். அவருக்கு அதில் விருப்பமே இல்லை. அவள் தனியாகக் கொத்துவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல்தான் செய்தார்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே உட்கார்ந்தபடி தூங்கிப் போனார். கையில் சோறு காய்ந்திருந்தது. அவள் எழுப்பவில்லை. ஈரத்துணியால் கையைத் துடைத்து, அங்கேயே சாக்கை விரித்துப் படுக்க வைத்தாள்.

போஞ்சி காய்த்த பிறகு பக்கத்துக் காம்பராக்காரர்களுக்கு அவரே பறித்துக் கொடுத்தார். கொடுக்கப் போன இடத்தில் உட்கார்ந்து பேசிவிட்டும் வந்தார்.

அடுத்த மழைக்காலத்தில் அந்த வருத்தம் மறுபடி வந்தது. காலையில் அவர் எழும்பவில்லை. நல்லம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வந்திருச்சா?"

"ம்."

"வேலைக்குப் போகாட்டிப் பரவால்ல. பீலிவரைக்கும் நடந்துட்டு வருவோம்."

போனார்கள். அன்று அவ்வளவுதான் முடிந்தது. மறுநாள் இரண்டாவது மலை வளைவுவரை நடந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு காலை அவரே கத்தியைத் தேடி எடுத்துக்கொண்டார்.

1961இல் சிதம்பரநாதனுக்குப் பதுளைப் பக்கம் இடமாற்றம் கிடைத்தது. புறப்படுவதற்கு முந்திய நாள் தம்பையாவைக் கண்டு, "இப்ப எப்பிடி?" என்று கேட்டார்.

"சில நேரம் வருதுங்க. முன்ன மாதிரி இருந்துட்டே இருக்கிறதில்ல."

"வேற என்ன?"

தம்பையா சாரத்தை முழங்கால்வரை தூக்கிக் காட்டினார். "அட்டை கடிதாங்க. போறதுக்கு முந்தி ஏதாச்சும் களிம்பு குடுத்துட்டுப் போங்க."