மதினி வைத்த சோறு

அண்ணன் வயிற்றுப் புற்றில் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எனக்கும் வயிறு எரிய ஆரம்பித்தது.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. சாப்பாடு அண்ணன் வீட்டில்தான். அவர் போன பிறகும் மதினி எனக்கும் சேர்த்தே உலை வைத்தார்.

ஒரு நாள் அரிசிப் பானைக்குப் பின்னால் காகிதப் பொட்டலம் ஒன்றைப் பார்த்தேன். வெள்ளைப் பொடி. மதினி அதை வெடுக்கென்று எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் ஊற்றுகிற குழம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட வேலை செய்கிறவரிடம் இதைச் சொன்னேன். அவர் சொன்னார்: "கைவிஷம்டா. சோத்துல கலந்து குடுத்திருக்காக. உங்கண்ணனுக்கும் அதான். குமுளிக்கு அங்கிட்டு ஒரு வைத்தியர் இருக்காரு. வாந்தி எடுக்க வச்சு வெளிய கொண்டாந்துருவாரு."

போனேன். பால் மாதிரி ஒன்றைக் குடிக்கக் கொடுத்தார். குடலே வந்துவிடும் போல வாந்தி. வாளிக்குள் குச்சியை விட்டு ஒரு முடிச் சுருளை எடுத்துக் காட்டினார். நீள முடி. வீட்டில் நீள முடி ஒருவருக்குத்தான்.

அன்று சாயங்காலமே வாளியில் வந்த முடியைச் சொல்லி மதினியிடம் கேட்டுவிட்டேன்.

"என்னத்த வச்சீக எனக்கு?"

மதினி அழவில்லை. என் தட்டைக் கழுவி என் கையில் கொடுத்தார்.

"இனிமே கடையில தின்னு. அங்கன எவளும் ஒண்ணும் வைக்க மாட்டா."

கடையில் தின்றேன். ஒரு வாரம் நன்றாக இருந்தது. பிறகு எரிச்சல் திரும்பியது. மலம் தார் மாதிரி போனது. தோட்டத்தில் தலைசுற்றி உட்கார்ந்தேன். தேனிக்குக் கொண்டுபோனார்கள்.

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, வயிற்றில் புண், அதில் கிருமி என்றார்.

"யாரு வச்சது?"

சிரித்தார். "யாரும் வைக்கல. சின்ன வயசுலயே வீட்டுக்குள்ள ஒருத்தர்ட்ட இருந்து ஒருத்தருக்கு வந்திருக்கும். வருஷக்கணக்கா உள்ளயே கெடக்கும்."

அண்ணன் செத்த விதத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. எல்லாருக்கும் இல்லை, சிலருக்கு இந்தக் கிருமியே புற்றில் கொண்டுபோய் விடும் என்றார். வீட்டில் வேறு யாருக்காவது வயிறு எரிகிறதா என்று கேட்டார்.

நானும் அண்ணனும் ஒரே தட்டில் தின்று வளர்ந்தவர்கள். அவரிடமிருந்து எனக்கா, என்னிடமிருந்து அவருக்கா?

பதினாலு நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு நேராக மதினி வீட்டுக்குப் போனேன். அந்தப் பொட்டலத்தைப் பிரித்துத் தண்ணீரில் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். சோடா உப்பு.

"எத்தன நாளா எரியுது மதினி?"

"உங்கண்ணன் இருக்கறப்பவே."

"ஏன் சொல்லல?"

"வீட்டுக்கு ஒரு நோயாளி போதாதா?"

கிருமியைப் பற்றிச் சொன்னேன். டெஸ்ட் எடுக்கணும் என்றேன்.

"அன்னைக்கு விஷம்ன. இன்னைக்குக் கிருமிங்கற. இதும் அந்த வாளி வைத்தியன் சொன்னதுதானா?"

"ஆஸ்பத்திரியில சொன்னாக."

"அங்கன கூட்டிப் போயி, நாந்தான் வச்சேன்னு எழுதி வாங்கப் போறியா?"

மூன்று தடவை போய்க் கூப்பிட்டேன். வரவில்லை. நாலாவது தடவை போனபோது வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று பஸ் ஏறினார். என் பக்கத்தில் இடம் இருந்தது. வேறு சீட்டில் உட்கார்ந்தார்.

குழாய் விட்டுச் சதை கிள்ளி எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து ரிசல்ட் என்றார்கள். மதினி வெளியே வந்தார்.

"ரிசல்ட்ட உங்கையில குடுக்க வேணாம்னு நர்சம்மாட்டச் சொல்லிட்டேன். நானே வாங்கிக்கிறேன்."

"சரி மதினி."

"வரணும்னா வா. தள்ளி நில்லு."

ரிசல்ட்டுக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. மாத்திரையை நேரத்துக்கு விழுங்குகிறேன்.