ஐந்தடிக் கட்டில்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் மாதிரி வீட்டுக்காரி என்றுதான் சொல்வார்கள். சொந்த வீடு கிடையாது. வாடகைக்கு இருந்ததோ ஒற்றை அறை. மழை பெய்தால் கூடவே ஒரு வாளியும் குடியிருக்கும். ஆனால் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அவள் கையில் ஒரு அடுக்குமாடி வீட்டின் சாவி இருக்கும். கட்டிக்கொண்டிருந்த பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில், வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகத் தரைத்தளத்தில் ஒரே ஒரு வீட்டை மட்டும் முடித்து அலங்கரித்து வைத்திருந்தது கம்பெனி. அதைப் பெருக்கித் துடைத்து வைப்பது அவள் வேலை.

அந்த வீட்டின் வண்டவாளம் அவளுக்குத்தான் தெரியும். குழாயைத் திறந்தால் காற்றுகூட வராது. டிவி வெறும் அட்டை. கூடையில் இருந்த ஆப்பிள்களை வாரம் ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவுவாள். அறை பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கட்டிலை ஐந்தடிக்கு அளவெடுத்துச் செய்திருந்தார்கள். அதில் காலை நீட்டிப் படுக்கக்கூடிய ஒரே ஆள், குள்ளமான அவள்தான். இத்தனையும் தெரிந்தவள், அதே கட்டடத்தில் நாலாவது மாடியில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டினாள். வேலை பார்க்கிறவர்களுக்குச் சலுகை என்றார்கள். பதினோரு வருஷச் சேமிப்பை வழித்துக் கொடுத்துவிட்டாள். ஆசை கண்ணை மறைத்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். வாளி இல்லாமல் தூங்க நினைப்பது பேராசையா என்ன?

அப்புறம் நாட்டுப் பணத்தின் மதிப்பு விழத் தொடங்கியது. பத்திரிகைகளில் அதைச் சரியும் கோடாகப் போட்டார்கள். அவள் வீட்டில் சமையல் எண்ணெய் பாட்டில் பாதியாகச் சின்னதாயிற்று. அவள் புருஷன் வேலை பார்த்த அச்சகத்துக்கு மையும் காகிதமும் வெளிநாட்டிலிருந்து வந்தாக வேண்டும். முதலாளி, வாரத்துக்கு மூன்று நாள் வந்தால் போதும் என்றுவிட்டார். கட்டடத்துக்கான லிப்ட், மீதிப் பணம் கட்ட ஆளில்லாமல் துறைமுகத்தில் கிடந்தது. லிப்ட் வருவதற்குள் அதன் விலை பன்னிரண்டாவது மாடிக்குப் போய்விட்டது என்று வாட்ச்மேன் கிண்டலடித்தார். வீடு பார்க்க யாரும் வரவில்லை. அவள் யாரும் மிதிக்காத தரையைத் தினமும் துடைத்தாள்.

ஒருநாள் மேனேஜர், எப்போதும் “ஏம்மா” என்கிறவர், புதிதாக “அக்கா” என்று கூப்பிட்டார்.

“அக்கா, இந்த மாசம் பத்து வீடாவது போகலைன்னா வேலையை நிறுத்திடுவாங்க. உங்க நாலாவது மாடியும் அம்போதான். ஞாயித்துக்கிழமை நல்லா உடுத்திக்கிட்டு வீட்டுக்காரரோட வாங்க. வாங்க வந்தவங்க மாதிரி சுத்திப் பாருங்க. நாலு பேர் நிக்கிற இடத்துக்குத்தான் அஞ்சாவது ஆள் வருவான்.”

புருஷன் இழுத்தான். “இது தப்பில்லையா?”

“நாம நிஜமாவே வாங்கியிருக்கோம்ல? வாங்கின வீட்டை நல்லாயிருக்குன்னு சொன்னா அது பொய்யா?” என்று வாயை அடைத்துவிட்டாள்.

அந்த ஞாயிறு ஒரு பஸ் டிரைவரும் அவர் மனைவியும் வந்தார்கள். டிரைவர் ஆறடி உயரம். தட்டித் தட்டிப் பார்க்கிற ரகம். படுக்கையறைக்குள் வந்ததும், “கட்டில் போட்டும் இவ்வளவு இடம் மிஞ்சுதே!” என்றபடி படுத்துப் பார்க்கப் போனார். மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள் முந்திக்கொண்டாள். சட்டென்று ஏறிக் கைகால் நீட்டிப் படுத்து, “அம்மாடி! இந்த மாதிரி அறையில படுத்தா எந்திரிக்கவே மனசு வராது. நாங்க முடிவு பண்ணிட்டோங்க” என்றாள். டிரைவரின் மனைவி சிரித்துக்கொண்டே புருஷனைப் பார்த்தாள். அன்றைக்கே பணம் கட்டினார்கள்.

இரண்டே மாதம். வேலை நின்றது, மேனேஜர் போனை எடுக்கவில்லை, கேட்டில் சங்கிலி விழுந்தது. சம்பள பாக்கியைக் கேட்கப் போனவளை அந்தச் சங்கிலிக்கு முன்னால் டிரைவரின் மனைவி பிடித்துக்கொண்டாள்.

“அக்கா! உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். உங்களுக்கும் இந்தக் கதிதானா? பணம் கட்டினவங்க எல்லாரும் சேர்ந்து மனு குடுக்கப் போறோம். தனித்தனியாப் போனா சர்க்கார் ஆபீசுல வாங்க மாட்டாங்களாம். மொதல் கையெழுத்து உங்களோடதுதான். ‘அந்த அக்காவை விட்டுடாதே’ன்னு அவரே சொல்லி அனுப்பினாரு.” அங்கேயே அவள் பெயரைக் கேட்டு முதல் வரியில் எழுதினாள். வெயிலில் வாடிப்போயிருக்கிறாளே என்று நிழலுக்கு இழுத்துத் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

கையெழுத்துப் போட்டிருந்தால் போதும். ரசீது பைக்குள்ளேயே இருந்தது. ஆனால் அவள் பாட்டிலைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தாள்.

“நான் இங்க வேலை பார்த்தவம்மா. அன்னிக்கு என்னை நடிக்கச் சொன்னாங்க.”

டிரைவரின் மனைவி கத்தவில்லை. “அப்போ அந்தக் கட்டில்?” என்று மட்டும் கேட்டாள்.

“அஞ்சடிதான். உங்க வீட்டுக்காரர் படுத்திருந்தா பாதம் ரெண்டும் வெளிய தொங்கியிருக்கும்.” அவசர அவசரமாக ரசீதை எடுத்தாள். “ஆனா நானும் பணம் கட்டியிருக்கேன். நாலாவது மாடி. பதினோரு வருஷக் காசும்மா. இதோ பாரு, இது நிஜம்.”

டிரைவரின் மனைவி ரசீதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள். முத்திரையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். “இதுவும் காட்டறதுக்காகப் பண்ணி வச்சதா அக்கா?” என்றாள். குத்திப் பேசவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

பதிலுக்குக் காத்திராமல் ரசீதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முதல் பெயரை அடித்தாள். பேனா சரியாக எழுதவில்லை. உதறிவிட்டு இன்னொரு முறை அடித்தாள். அடுத்த வரியில் தன் பெயரை எழுதிக்கொண்டு, எதிர்ச்சாரியில் நின்றிருந்த மற்றவர்களிடம் போனாள்.

மாதிரி வீட்டுக்காரி ரசீதை மடித்துப் பையில் வைத்தாள். கம்பிவழியே தரைத்தளம் தெரிந்தது. அந்தக் கட்டடத்தில் முடிந்திருந்த வீடு அது ஒன்றுதான். சாவி இன்னும் அவளிடமே இருந்தது.