துரு இல்லாத ஃபியட்

கடந்த ஜனவரி பதினேழாம் தேதி, மாலை நான்கு மணி இருபது நிமிடத்துக்கு எங்கள் வீட்டு வாசலில் லாரி வந்து நின்றது. அதிலிருந்து பழைய வெள்ளை ஃபியட் காரை இறக்கினார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவரின் விளம்பரத்தில் அதை முதலில் கண்டு ஆசைப்பட்டவள் நான். துறைமுகத்தில் வேலை பார்க்கும் அக்கா, நேரில் பார்க்காமலே போனில் பேசி வாங்கிவிட்டாள். கல்லூரியில் படிக்கும் எனக்கு ஆசைப்பட மட்டுமே முடிந்தது.

அக்கா சாவியைத் திருப்பினாள். சத்தமே இல்லை. அப்பா பானெட்டைத் திறந்தார். உள்ளே இஞ்சின் இல்லை.

அக்கா விற்றவரை அழைத்தாள். "துரு இருக்குதான்னு திரும்பத் திரும்பக் கேட்டீங்க, இல்லேன்னு சொன்னேன். இஞ்சின் இருக்குதான்னு கேக்கவே இல்லீங்களே!" என்றார் அவர்.

உப்புக்காற்றில் வண்டிகள் அரித்துப்போகும் ஊரில் வளர்ந்த அக்காவுக்கு வேறு கேள்வி தோன்றவில்லை. அவளுக்கும் அது வாய்க்கவில்லை என்று எனக்குள் எழுந்த மகிழ்ச்சியை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏளா, அங்கன ஏன் நிக்க? வந்து உக்காரு. நீ ஆசப்பட்ட வண்டிதான!" என்றாள் அக்கா, கலங்கிய கண்களுடன். பக்கத்தில் அமர்ந்தேன். ஓடாத காரிலும் ஸ்டியரிங் அவள் கையில்தான் இருந்தது.

மறுநாள் காலை, காரின்மேல் படிந்திருந்த உப்பு ஈரத்தைத் துடைக்கத் துணியோடு போனேன். நான் அமர்ந்த பக்கத்துக் கதவை மட்டும் துடைத்துவிட்டு, அக்கா பக்கத்து உப்பை அப்படியே விட்டுத் திரும்பினேன்.